நுரையீரல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் இரத்தக் குறிப்பான்கள்: எந்த எண் எதைச் சொல்கிறது?

நுரையீரல் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் மருத்துவரிடம் கேட்கும் கேள்வி சில ஆண்டுகளாக மாறிவருகிறது. முன்பு "அடுத்த ஸ்கேன் எப்போது?" என்று கேட்டார்கள். இப்போது "நோய் திரும்புவதை இரத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாமாமே, அதை எங்கே செய்வது?" என்று கேட்கிறார்கள். இக்கேள்வி காரணமின்றி எழவில்லை. கட்டியிலிருந்து இரத்தத்தில் கலக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைக் கண்டறியும் பரிசோதனைகள் பற்றிய செய்திகள் தொடர்ந்து வருகின்றன. மறுபுறம், "டியூமர் மார்க்கர்" என்ற பெயரில் பல பரிசோதனைகளை ஒரே தொகுப்பாகத் தனியார் ஆய்வகங்கள் விற்கின்றன. மருத்துவரின் பரிந்துரை இல்லாமலேயே அவற்றைச் செய்துகொள்ள முடிகிறது. அறிக்கை கைப்பேசிக்கு வருகிறது. ஓர் எண்ணின் அருகே சிவப்பு நிறத்தில் "அதிகம்" என்று இருக்கிறது. அன்றிரவு அந்த வீட்டில் யாரும் உறங்குவதில்லை.

இந்தப் பக்கம் அத்தகைய எண்களை எவ்வாறு புரிந்துகொள்வது என்பதை விளக்குகிறது. அதைவிட முக்கியமான ஒன்றும் இதில் உண்டு. பல குடும்பங்கள் மாதந்தோறும் பணம் செலவழித்துச் செய்துகொள்ளும் பரிசோதனைகள் சிகிச்சையை மாற்றுவதில்லை. சிகிச்சையை உண்மையிலேயே மாற்றக்கூடிய ஒரு பரிசோதனை சில சமயம் செய்யப்படாமலேயே விடுபட்டுப்போகிறது.

நோயின் போக்கைச் சொல்லும் முதல் ஆவணம்

அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட நுரையீரல் பகுதியையும் நிணநீர்க்கணுக்களையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்து தரப்படும் நோயியல் அறிக்கையே, நோய் மீண்டும் வருவதற்கான வாய்ப்பைப் பற்றி மிக அதிகம் சொல்லும் ஆவணமாகும். கட்டியின் அளவு, எத்தனை நிணநீர்க்கணுக்களில் நோய் பரவியிருந்தது, வெட்டிய விளிம்பில் புற்று அணுக்கள் எஞ்சியுள்ளனவா, நுரையீரலைச் சூழ்ந்த உறை பாதிக்கப்பட்டதா, நோய் எந்த வகை அணுக்களைச் சேர்ந்தது ஆகியவை அதில் இருக்கும். இவற்றை வைத்தே நோயின் நிலை முடிவாகிறது.

நிலைக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள தொடர்பைக் காட்ட, 2016-இல் வெளியான பன்னாட்டு வகைப்பாட்டின் எட்டாம் பதிப்புத் தரவுகள் உதவும். அறுவை சிகிச்சைக்குப் பின் 1ஏ1 நிலை என உறுதியானவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். 1பி நிலையில் இது 73 விழுக்காடு, 2பி நிலையில் 56, 3ஏ நிலையில் 41. இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை மறவாதீர்கள். இவை 1999 முதல் 2010 வரை நோய் கண்டறியப்பட்டவர்களின் தரவுகள். இன்று அறுவை சிகிச்சையுடன் சேர்த்துத் தரப்படும் இலக்கு மருந்துகளும் இம்யூனோதெரபியும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மேலும், 56 விழுக்காடு என்பது ஒரு பெருங்கூட்டத்தின் கணக்கு. உங்கள் உடலில் என்ன நடக்கும் என்பதை அது முன்னறிவிப்பதில்லை.

இரத்தக் குறிப்பான்கள் அனைத்தும் இந்த அறிக்கைக்கு அடுத்த இடத்தில்தான் நிற்கின்றன. ஆகவே, கோப்பில் நோயியல் அறிக்கை இல்லாமல் இருபது இரத்த அறிக்கைகளை அடுக்கிக்கொண்டு வருவதால் அதிகப் பயனில்லை.

சி.இ.ஏ.: பழைய குறிப்பான், நுணுக்கமான பொருள்

சி.இ.ஏ. எனப்படும் புரதத்தை 1965-இல் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் பில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் என்ற இரு மருத்துவ அறிவியலாளர்கள் கண்டறிந்தனர். அவர்கள் அதைக் கண்டது பெருங்குடல் புற்றுநோய்த் திசுக்களிலும் கருவிலிருக்கும் சிசுவின் குடல் திசுக்களிலும்தான். பின்னர் நுரையீரல் புற்றுநோயிலும், குறிப்பாக அடினோகார்சினோமா வகையில், இது இரத்தத்தில் உயரக்கூடும் எனத் தெரியவந்தது. பெரும்பாலான ஆய்வகங்கள் ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்பதை மேல்வரம்பாகக் கொள்கின்றன.

ஜப்பானில் அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இதனை அளப்பது நெடுநாள் வழக்கம். அங்கிருந்து வந்த ஆய்வுகள் தெளிவான ஒரு போக்கைக் காட்டின. அறுவை சிகிச்சைக்கு முன்பே சி.இ.ஏ. இயல்பாக இருந்தவர்களின் நிலைமை பொதுவாக நன்றாக இருந்தது. முன்பு உயர்ந்திருந்து, கட்டியை அகற்றிய பின் இயல்புக்குத் திரும்பியவர்கள் இடைப்பட்ட நிலையில் இருந்தனர். அகற்றிய பின்னும் உயர்ந்தே இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. இதில் அறிவியல் முரண் ஏதுமில்லை. கட்டி முழுவதும் அகன்றிருந்தால், அது சுரந்த புரதமும் சில வாரங்களில் குறைய வேண்டும்.

இங்கிருந்து தவறான முடிவுகளுக்குத் தாவுவது எளிது. முதலாவதாக, நுரையீரல் புற்றுநோய் உள்ள பலருக்கு சி.இ.ஏ. ஒருபோதும் உயர்வதில்லை. அறுவை சிகிச்சைக்கு முன் கட்டி இருந்தபோதே உங்கள் சி.இ.ஏ. 2 என்றிருந்தால், பின்னர் அது 2 ஆக இருப்பது எந்தப் புதிய ஆறுதலையும் தருவதில்லை. முன்பு அளக்காமலேயே விட்டிருந்தால், பிறகு வரும் எண்ணை ஒப்பிட ஓர் அடிப்படையும் இருக்காது.

இரண்டாவதாக, இந்தப் புரதம் புற்றுநோய்க்கு மட்டும் உரியதன்று. புகைபிடிப்பவர்களுக்கு இது இயல்பாகவே சற்று உயர்ந்திருக்கும். கல்லீரல் நோய், கணைய அழற்சி, குடல் அழற்சி, நாட்பட்ட நுரையீரல் நோய், தைராய்டு குறைபாடு ஆகியவற்றிலும் உயரும். அறுவை சிகிச்சைக்குப் பின்னும் புகைப்பழக்கத்தைத் தொடர்பவருக்கு சி.இ.ஏ. 6 என்று வந்தால், அது கட்டியின் குரலா புகையின் குரலா என்று பிரித்தறிவது கடினம். (புகையை நிறுத்துவதற்கு இது ஒன்று மட்டுமே காரணம் என்று கொள்ள வேண்டாம். அறுவை சிகிச்சைக்குப் பின் புகையை விட்டவர்களின் வாழ்நாள் நீள்கிறது என்பதற்கான சான்று, இங்கே பேசப்படும் பெரும்பாலான இரத்தக் குறிப்பான்களுக்கான சான்றைவிட நடைமுறையில் பயனுடையது.)

மூன்றாவதாக, இரண்டு அறிக்கைகளுக்கிடையே உள்ள சிறு வேறுபாடு எதையும் குறிப்பதில்லை. 4.6 என்பது 5.2 ஆனால் அறிக்கையில் நிறம் மாறும். உடலில் ஒன்றும் மாறியிருக்க வேண்டியதில்லை. வெவ்வேறு ஆய்வகங்கள் வெவ்வேறு கருவிகளைப் பயன்படுத்துவதால் ஒரே இரத்தத்துக்கும் எண் வேறுபடும். மருத்துவர் சி.இ.ஏ. பார்க்கச் சொன்னால் எப்போதும் ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே பார்க்க வேண்டாம். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் கழிந்த பின்னரே எண் நிலைபெறும். ஒற்றை எண்ணைவிட, இடைவெளி விட்டு எடுத்த இரண்டு மூன்று பரிசோதனைகளில் படிப்படியாக ஏறிக்கொண்டே போகும் போக்கே கவனத்துக்குரியது.

சைஃப்ரா 21-1 என்ற குறிப்பான் ஸ்குவாமஸ் வகை நோயில் அதிகம் உயர்கிறது. என்.எஸ்.இ., புரோ ஜி.ஆர்.பி. ஆகியவை சிற்றணு வகையைச் சேர்ந்தவை. அவ்வகைக்கு அறுவை சிகிச்சை அரிதாகவே செய்யப்படுகிறது. சி.இ.ஏ. பற்றிச் சொன்ன எச்சரிக்கைகள் இவற்றுக்கும் பொருந்தும். தொகுப்புப் பரிசோதனைகளில் சேர்த்து விற்கப்படும் சி.ஏ. 125, சி.ஏ. 19-9, பி.எஸ்.ஏ. போன்றவற்றுக்கு நுரையீரல் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய கண்காணிப்பில் இடமில்லை.

சாதாரண இரத்தப் பரிசோதனையில் உள்ள கணக்கு

இணையத்தில் தேடிப் படிப்பவர்கள் அண்மைக்காலமாக என்.எல்.ஆர். என்ற விகிதத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். இதற்குத் தனிப் பரிசோதனை தேவையில்லை. வழக்கமான முழு இரத்த எண்ணிக்கையில் வரும் நியூட்ரோபில் விழுக்காட்டை லிம்போசைட் விழுக்காட்டால் வகுத்தால் போதும். 60-ஐ 30-ஆல் வகுத்தால் 2. நியூட்ரோபில் உடலின் அழற்சியையும் லிம்போசைட் நோய் எதிர்ப்பாற்றலையும் ஓரளவு காட்டுவதால், இந்த விகிதம் உயர்ந்திருப்பவர்களுக்கு அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய எதிர்பார்ப்பு சராசரியாகச் சற்றுக் குறைவு என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. தட்டணு விகிதம், சி.ஆர்.பி., எல்.டி.எச். ஆகியவை பற்றியும் இதேபோன்ற ஆய்வுகள் உள்ளன.

ஆய்வுகள் பல இருப்பதாலேயே ஒரு குறிப்பான் பயனுள்ளதாகிவிடாது. உயர்ந்த விகிதம் என்று எதைக் கொள்வது என்பதிலேயே ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு உண்டு. மார்பைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சையே நியூட்ரோபிலை உயர்த்தும். மறுநாள் இந்த விகிதம் 8 அல்லது 10 என்று வருவது வியப்பன்று. சளித்தொற்று உயர்த்தும். கீமோதெரபியின்போது வாந்தியைத் தடுக்கத் தரப்படும் டெக்சாமெத்தசோன் நியூட்ரோபிலை உயர்த்தி லிம்போசைட்டைக் குறைக்கும். எல்.டி.எச்., இரத்தம் எடுக்கும்போது குழாயில் அணுக்கள் உடைந்தாலே உயர்ந்துவிடும். டி-டைமர், அறுவை சிகிச்சைக்குப் பின் பல நாட்களுக்கு எவருக்கும் உயர்ந்தே இருக்கும். இவற்றுள் எந்த எண்ணையும் வைத்து ஒரு நோயாளியின் புற்றுநோய் மருந்தைத் தொடங்குவதோ நிறுத்துவதோ இல்லை. வீட்டில் அமர்ந்து வகுத்துப் பார்த்துக் கலங்க வேண்டிய தேவையும் இல்லை.

இந்த வரிசையில் விதிவிலக்கான ஒன்று உண்டு: அல்புமின். இதனுடன் ஹீமோகுளோபினையும் உடல் எடையையும் சேர்த்துக்கொள்ளலாம். இவை குறைந்திருந்தால் எதிர்பார்ப்பு குறைகிறது என்பதோடு, இவற்றில் பெரும்பகுதியை நாம் மாற்ற முடியும் என்பதே வேறுபாடு. அழற்சியால் அல்புமின் குறைவது உண்டு. அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். ஆனால் நம் வீடுகளில் அது குறைய இன்னொரு காரணமும் இருக்கிறது. அது பத்தியம். அறுவை சிகிச்சை செய்தவருக்கு முட்டை கூடாது, மீன் கூடாது, பருப்பு வாயு, தயிர் சளி என்று ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் கஞ்சியும் ரசம் சோறும் மட்டுமே தட்டில் எஞ்சுகின்றன. தையல் ஆறவும், சுவாசத் தசைகள் வலுப்பெறவும், அடுத்து வரும் மருந்துகளைத் தாங்கவும் புரதம் தேவை. முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், பால், தயிர் ஆகியவற்றை உண்ண நுரையீரல் அறுவை சிகிச்சை எவ்விதத் தடையும் இல்லை. சிறுநீரக நோய் போன்ற வேறு காரணங்கள் இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். அன்போடு செய்யப்படும் இந்தப் பட்டினியை நிறுத்துவது, மாதாமாதம் குறிப்பான்களை அளப்பதைவிட நோயாளிக்கு அதிக நன்மை தரும்.

இரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.

இன்று செய்திகளில் பேசப்படுவது இதுவே. அணுக்கள் அழியும்போது அவற்றின் டி.என்.ஏ. சிறு துணுக்குகளாக இரத்தத்தில் கலக்கிறது. புற்று அணுக்களின் துணுக்குகளில் அக்கட்டிக்கே உரிய மரபணு மாற்றங்கள் இருக்கும். அகற்றப்பட்ட கட்டியை முதலில் ஆராய்ந்து, அதன் மாற்றங்களைப் பட்டியலிட்டு, அவற்றை மட்டும் இரத்தத்தில் தேடுவது ஒரு முறை. கட்டியைப் பார்க்காமல் பொதுவான மாற்றங்களைத் தேடுவது மற்றொரு முறை. முதல் முறை பொதுவாகக் கூடுதல் நுட்பமானது. ஸ்கேனில் தெரியாத அளவுக்கு நோய் எஞ்சியிருந்தாலும் இவற்றால் சில நேரங்களில் கண்டறிய முடிகிறது.

இங்கிலாந்தில் நடந்துவரும் ட்ரேசர்எக்ஸ் ஆய்வு இத்துறையில் முன்னோடியானது. அதன் 2023-ஆம் ஆண்டு முடிவுகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் 120 நாட்களுக்குள் பரிசோதித்தபோது, நான்கில் ஒரு பங்கினருக்குக் கட்டியின் டி.என்.ஏ. தென்பட்டது. பின்னர் நோய் திரும்பியவர்களில் 49 விழுக்காட்டினர் இந்தக் குழுவில் இருந்தனர். அதாவது, நோய் திரும்பியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அந்த முதற்கட்டப் பரிசோதனை "தென்படவில்லை" என்றே வந்திருந்தது. மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தொடர்ந்து பார்த்தபோது, அப்படி இல்லை என்று வந்தவர்களில் மேலும் 20 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பப்போவது தெரியவந்தது.

ஆகவே, "தென்பட்டது" என்ற முடிவுக்குக் கனம் அதிகம். "தென்படவில்லை" என்ற முடிவுக்கு அத்தனை கனம் இல்லை. இதற்கு ஒரு காரணம் கட்டியின் வகை. அதே ஆய்வின் 2017 முடிவுகளில், தொடக்க நிலை ஸ்குவாமஸ் வகையினரில் 97 விழுக்காட்டினருக்கு அறுவை சிகிச்சைக்கு முன்பே இரத்தத்தில் டி.என்.ஏ. தென்பட்டது, அடினோகார்சினோமா வகையினரில் 19 விழுக்காட்டினருக்கு மட்டுமே தென்பட்டது. கட்டி முழுதாக இருந்தபோதே இரத்தத்தில் தடயம் விடாத நோய், சிறு எச்சமாக இருக்கும்போது எவ்வளவு விடும்? கருவிகள் அதன்பின் நுட்பமடைந்துள்ளன என்றாலும் அடிப்படை வேறுபாடு நீடிக்கிறது. மூளைக்குப் பரவும் நோய் இரத்தத்தில் குறைவாகவே தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாறாக, வயதாகும்போது இரத்த அணுக்களிலேயே தோன்றும் தீங்கற்ற மாற்றங்களைக் கட்டியின் மாற்றம் என்று தவறாகக் காட்டும் வாய்ப்பும் உண்டு.

"லிக்விட் பயாப்சி" என்ற சொல் இங்கே குழப்பம் தருகிறது. நோய் பரவிய நிலையில், எந்த மருந்து பொருந்தும் என்று அறிய இரத்தத்தில் மரபணு மாற்றம் பார்ப்பது நிலைபெற்ற நடைமுறை. அறுவை சிகிச்சைக்குப் பின் எச்ச நோயைத் தேடுவது வேறு பயன்பாடு. பெயர் ஒன்றாக இருப்பதால் முதலாவதன் உறுதியை இரண்டாவதற்குக் கொடுத்துவிட வேண்டாம்.

முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதுதானே?

இயல்பான கேள்வி இது. நோய் திரும்புவதை ஐந்து மாதங்களுக்கு முன்பே அறிந்தால் ஐந்து மாதங்களுக்கு முன்பே சிகிச்சையைத் தொடங்கலாம், அதனால் வாழ்நாள் நீளும் என்றுதான் எவரும் எண்ணுவார்கள். மருத்துவம் இந்த எண்ணத்தை வேறொரு புற்றுநோயில் நேரடியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது.

கருப்பைக்கு அருகிலுள்ள சினைப்பையின் புற்றுநோயில், சி.ஏ. 125 என்ற இரத்தக் குறிப்பான் அறிகுறிகள் தோன்றுவதற்குப் பல மாதங்கள் முன்பே உயரும். சிகிச்சை முடிந்து நலமாக இருந்து, பின்னர் இந்த எண் மட்டும் உயர்ந்த 529 பெண்களை ஆய்வாளர்கள் இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு எண் உயர்ந்தவுடனேயே கீமோதெரபி தொடங்கினர். மறுகுழுவுக்கு அறிகுறிகள் தோன்றிய பின்னரே தொடங்கினர். முதல் குழு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் முன்னதாகச் சிகிச்சை பெற்றது. 2010-இல் லான்செட் இதழில் வெளியான முடிவு: இரு குழுக்களின் வாழ்நாளிலும் வேறுபாடு இல்லை. முன்னதாகத் தொடங்கியவர்கள் இழந்தது நலமாக இருந்திருக்கக்கூடிய மாதங்களை.

நுரையீரல் புற்றுநோயும் அவ்வாறே என்று இதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. இங்கே மருந்துகள் வேறு, அவை மேம்பட்டும் வருகின்றன. இரத்தத்தில் டி.என்.ஏ. தென்பட்டவுடன் சிகிச்சையைக் கூட்டினால் வாழ்நாள் நீளுமா என்பதைச் சோதிக்கும் ஆய்வுகள் உலகில் நடைபெறுகின்றன. அந்த விடை கிடைக்கும் வரை, முன்கூட்டி அறிவது வேறு, முன்கூட்டி அறிந்ததால் பயன் பெறுவது வேறு. ஸ்கேனுக்கும் இது பொருந்தும். பிரான்சில் அறுவை சிகிச்சை முடிந்த 1,775 பேரிடம் சிடி ஸ்கேன் கண்காணிப்பையும் மார்பு எக்ஸ்ரே கண்காணிப்பையும் ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வெளியானது. சிடி குழுவின் இடைநிலை வாழ்நாள் 10.3 ஆண்டுகள், எக்ஸ்ரே குழுவினது 8.5 ஆண்டுகள், ஆயினும் புள்ளியியல் நோக்கில் அந்த வேறுபாடு உறுதிப்படவில்லை. ஆனாலும் மீண்டும் அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ செய்து குணப்படுத்தக்கூடிய புதிய கட்டிகளைச் சிடி காட்டிக்கொடுக்கும் என்பதால், அதைத் தொடர்வதே சரி என்பது என் கருத்தும் பெரும்பாலான வழிகாட்டுதல்களின் நிலைப்பாடும் ஆகும்.

அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே கூறுகிறது. முதல் இரண்டு ஆண்டுகள் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சிடி ஸ்கேன், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை. நோய் திரும்புவதைக் கண்டறியும் கண்காணிப்பு முறையாக இரத்தக் குறிப்பான்களைப் பயன்படுத்தக் கூடாது. அறிகுறி ஏதுமில்லாதவர்களுக்கு வழக்கமாகப் பெட் ஸ்கேன் எடுப்பதையும் அது பரிந்துரைக்கவில்லை.

தவறவிடக் கூடாத பரிசோதனை

இப்போது தொடக்கத்தில் சொன்னதற்கு வருவோம். உங்கள் எதிர்காலத்தை மாற்றக்கூடிய தகவல் பெரும்பாலும் இரத்தக் குழாயில் இல்லை. அகற்றப்பட்ட கட்டியின் மெழுகுக் கட்டையில் இருக்கிறது. "பிளாக்" என்று ஆய்வகத்தில் அழைக்கப்படும் அந்தச் சிறு கட்டையில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் உள்ளதா எனப் பார்க்க முடியும். இந்தியாவில் நுரையீரல் அடினோகார்சினோமா உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அல்லது மூன்றில் ஒருவருக்கு இம்மாற்றம் காணப்படுகிறது. புகைபிடிக்காதவர்களிடமும் பெண்களிடமும் இது இன்னும் அதிகம்.

இம்மாற்றம் இருந்தால் என்ன மாறும் என்பதை அடாரா என்ற ஆய்வு காட்டியது. 1பி முதல் 3ஏ வரையிலான நிலைகளில் கட்டி முழுவதும் அகற்றப்பட்ட 682 பேரில் பாதிப் பேருக்கு ஓசிமெர்டினிப் மாத்திரை மூன்று ஆண்டுகள் வரை தரப்பட்டது. 2023-இல் வெளியான முடிவின்படி, ஐந்து ஆண்டுகளில் உயிருடன் இருந்தவர்கள் மாத்திரைக் குழுவில் 88 விழுக்காடு, மற்ற குழுவில் 78 விழுக்காடு. இந்தப் பக்கத்தில் கூறப்பட்ட எந்த இரத்தக் குறிப்பானும் இப்படியொரு வேறுபாட்டைத் தருவதாக இதுவரை காட்டப்படவில்லை. ஏ.எல்.கே. என்ற மற்றொரு மாற்றம் உள்ளவர்களுக்கு அலெக்டினிப் மருந்து, கீமோதெரபியைவிட நோய் திரும்புவதைப் பெருமளவு தடுத்தது என 2024-இல் வெளியான ஆய்வு கூறியது. பி.டி.எல்.1 என்ற பரிசோதனை இம்யூனோதெரபி பயன்படுமா என்று முடிவெடுக்க உதவும். ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளதா என்று அறியாமல் இம்யூனோதெரபியைத் தொடங்குவது நல்லதன்று. அதன் பின்னால் ஓசிமெர்டினிப் தர நேர்ந்தால் நுரையீரல் அழற்சி ஏற்படும் அபாயம் கூடுகிறது.

இதற்குக் காலவரம்பு உண்டு. அடாரா ஆய்வில், கீமோதெரபி பெறாதவர்களை அறுவை சிகிச்சைக்குப் பின் 10 வாரங்களுக்குள்ளும், பெற்றவர்களை 26 வாரங்களுக்குள்ளும் சேர்த்தனர். ஓராண்டு கழித்து, "அப்போது யாரும் சொல்லவில்லையே" என்று வருந்தும் குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் கோப்பில் எட்டு சி.இ.ஏ. அறிக்கைகள் இருந்தன. அறுவை சிகிச்சை ஓர் ஊரிலும் தொடர் சிகிச்சை வேறோர் ஊரிலும் நடக்கும்போது இந்த இடைவெளி எளிதில் நேர்கிறது. மெழுகுக் கட்டை அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையின் நோயியல் துறையில் இருக்கும். எழுத்து மூலம் கேட்டுப் பெற நோயாளிக்கு உரிமை உண்டு.

மருந்தின் விலை அச்சுறுத்துவது உண்மை. 2024 ஜூலையில் ஒன்றிய நிதிநிலை அறிக்கை மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்க வரி விலக்கு அளித்தது. அவற்றுள் ஓசிமெர்டினிப், துர்வாலுமாப் ஆகிய இரண்டும் நுரையீரல் புற்றுநோய்க்குப் பயன்படுபவை. அதே ஆண்டு செப்டம்பரில் இவற்றின் மீதான சரக்கு மற்றும் சேவை வரியை 12-இலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்க முடிவு செய்யப்பட்டது. இந்தக் குறைப்புகள் வரவேற்கத்தக்கவை. ஆனால் மூன்று ஆண்டுகள் தொடர வேண்டிய ஒரு மருந்தைச் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டச்செய்ய வரிக்குறைப்பு மட்டும் போதாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளிட்ட திட்டங்களில் உங்கள் சிகிச்சையில் எது அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு உதவிப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள். தேவையற்ற குறிப்பான் தொகுப்புகளுக்குச் செலவாகும் பணத்தை இதற்கெனச் சேமிப்பது அறிவுடைமை.

எண் உயர்ந்து வந்துவிட்டால்

ஏதோ ஒரு காரணத்தால் பரிசோதனை செய்துவிட்டீர்கள், எண் உயர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறிக்கையை மறைக்கவும் வேண்டாம், அதைக்கொண்டு நீங்களே முடிவுக்கு வரவும் வேண்டாம். உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் புற்றுநோய் மருத்துவரிடம் முந்தைய அறிக்கைகளுடன் செல்லுங்கள். அண்மையில் காய்ச்சல், சளி, புதிய மருந்துகள், புகைப்பழக்கம் இருந்தால் சொல்லுங்கள். சில வாரங்கள் கழித்து அதே ஆய்வகத்தில் மீண்டும் பார்ப்பது, அடுத்த சிடி ஸ்கேனை முன்னதாக எடுப்பது ஆகியவையே பெரும்பாலும் அடுத்த படிகள். ஸ்கேனில் புதிய நிழல் தெரிந்தாலும் அது நோய் திரும்பியதாகவே இருக்க வேண்டியதில்லை. அறுவை சிகிச்சையின் தழும்பு, நிமோனியா, நம் நாட்டில் மிகப் பரவலாக உள்ள காசநோய் ஆகியவையும் அவ்வாறே தோன்றும். திசுப் பரிசோதனையால் உறுதிசெய்யாமல், குறிப்பானின் எண்ணை மட்டும் வைத்துப் புற்றுநோய் மருந்து தொடங்கலாம் என்று எவரேனும் கூறினால், இரண்டாவது மருத்துவரின் கருத்தைப் பெறத் தயங்காதீர்கள்.

எந்தப் புதிய இரத்தப் பரிசோதனையைச் செய்யுமுன்னும் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இது உயர்ந்து வந்தால் எனக்கு என்ன மாற்றிச் செய்வீர்கள்?" தெளிவான விடை இருந்தால் செய்துகொள்ளுங்கள். "பார்க்கலாம்" என்பதுதான் விடையென்றால், அந்தப் பரிசோதனை காத்திருக்கலாம்.

சில அறிகுறிகள் மட்டும் எந்த எண்ணுக்காகவும் காத்திருக்கக் கூடாதவை: சளியில் இரத்தம், நாளுக்கு நாள் கூடும் மூச்சுத்திணறல், மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் புதிய இருமல், குரல் கம்மல், காரணமின்றி எடை குறைதல், முதுகிலோ எலும்பிலோ இரவிலும் விடாத வலி, புதிதாகத் தொடங்கிய தலைவலி, கை கால் தளர்ச்சி. வலிப்பு, திடீர் மூச்சுத்திணறல், அதிக அளவு இரத்தம் வெளிவருதல் ஆகியவை ஏற்பட்டால் 108 அவசர ஊர்தியை அழையுங்கள். மற்றவற்றுக்கு, கடைசியாக வந்த சி.இ.ஏ. இயல்பாக இருந்தது என்பதற்காக மருத்துவரைக் காண்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.